முத்திரையைக் கடைசியில் பாருங்கள்: பழைய பீங்கானை அடையாளம் கண்டு மதிப்பிடும் முறை

பெரியப்பா காலமான பிறகு அவருடைய கண்ணாடி அலமாரியைக் காலி செய்யும் வேலை எனக்கு வந்தது. மொத்தம் 43 பீங்கான் பாத்திரங்கள். நடுத்தட்டில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிண்ணம். வெளியே ரோஜா நிறத்தில் பெரிய பூக்கள், அடியில் நீல மையில் ஆறு சீன எழுத்துகள். "மிங் ராஜாக்கள் காலத்தது, பத்திரம்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டிக்கு அடியில் தண்ணீர் சிந்தாமலிருக்க ஒரு நீல வெள்ளைத் தட்டு வைத்திருந்தார்கள். அதில் முத்திரை, அதாவது செய்தவர் அடியில் இடும் குறி, ஏதும் கிடையாது. அதை யாரும் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

கடைசியில் 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று தெரியவந்தது அந்தத் தட்டுதான். கிண்ணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. அன்றிலிருந்து பழைய பீங்கானை யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன்: முதலில் மண், பிறகு அடி, பிறகு நிறமும் கோடும், முத்திரை கடைசியில். முத்திரையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். மண்ணையும் சூளையையும் பொய் சொல்லவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

தொடுவதற்கு முன்

மேசையில் தடிமனான துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவையுங்கள். மூடி இருந்தால் முதலில் அதை எடுத்துத் தனியாக வையுங்கள். கவிழ்க்கும்போது மூடி விழுந்து உடைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பழைய ஒட்டு எங்கே இருக்கும் என்று தெரியாது. இரண்டு கையாலும் உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், டார்ச், அளவுகோல், முடிந்தால் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். இவ்வளவு போதும்.

இன்னொன்று: பார்ப்பதற்கு முன்னால் கழுவாதீர்கள். அடியில் படிந்திருக்கும் அழுக்கும் ஒரு சாட்சிதான். பார்த்து முடித்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி. பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம். பொன் கோடுகளைத் தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும்.

இது பீங்கான்தானா?

இருட்டறையில் டார்ச்சைப் பாத்திரத்தின் உள்ளே வைத்து வெளியிலிருந்து பாருங்கள். சுவர் மெல்லியதாக இருக்கும் இடத்தில் ஒளி ஊடுருவி வந்தால் பீங்கான். பின்னால் விரலை வைத்தால் அதன் நிழல்கூடத் தெரியும். கொஞ்சமும் வெளிச்சம் வராவிட்டால் பெரும்பாலும் அது வெள்ளை மெருகு (கண்ணாடிபோன்ற மேல்பூச்சு) பூசிய மண்பாண்டம், இல்லையென்றால் ஸ்டோன்வேர் என்ற கெட்டியான கல்போன்ற சுடுமண். ரொம்பத் தடிமனான பீங்கானிலும் ஒளி வராது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மண்பாண்டம் என்றாலே மதிப்பில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். அது வேறு குடும்பம், அவ்வளவுதான்.

பீங்கானிலேயே மூன்று வகை உண்டு. கயோலின் களிமண்ணையும் சீனக்கல் என்ற பாறைப் பொடியையும் சேர்த்து 1,300 டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ சுட்டது கடினப் பீங்கான். சீனா, ஜப்பான், ஜெர்மனியின் மைசன் எல்லாம் இதுதான். ஐரோப்பாவுக்கு இந்த ரகசியம் பிடிபடவே 18ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது. மைசன் தொழிற்சாலை 1710ல் தொடங்கியது. ரகசியம் தெரியாதவர்கள் கண்ணாடிப் பொடியைப் போல உருகும் சரக்கைக் களிமண்ணில் கலந்து செய்தது மென் பீங்கான். ஆரம்பகாலப் பிரெஞ்சு, ஆங்கிலச் சரக்குகளில் இது அதிகம். மூன்றாவது போன் சைனா. கிட்டத்தட்டப் பாதி எலும்புச் சாம்பல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது.

வேறுபாடு தெரிவது சில்லு பெயர்ந்த இடத்தில். கடினப் பீங்கானின் முறிவு கண்ணாடி உடைந்ததுபோல வழவழப்பாக, கூராக இருக்கும். மென் பீங்கான் சர்க்கரைக் கட்டி உடைந்ததுபோல நறுநறுவென்று இருக்கும். போன் சைனாவில் ஒளி கொஞ்சம் வெதுவெதுப்பான பாலேட்டு நிறத்தில் வரும். அடியில் அரம் வைத்துத் தேய்த்துப் பார்க்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள். பாத்திரத்துக்குக் காயம்தான் மிச்சம்.

அடிவளையம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பாத்திரம் மேசையில் உட்காரும் வட்டத்தைத்தான் அடிவளையம் என்கிறேன். சூளையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த இடத்தில் மட்டும் மெருகைத் துடைத்துவிட்டுச் சுடுவார்கள். பல பாத்திரங்களில் மண் தன் சொந்த நிறத்தில் வெளியே தெரிகிற ஒரே இடம் அதுதான்.

பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. அடிவளையம் சரியான வட்டமில்லை. ஒரு பக்கம் நூலளவு தடிமன் கூடுதல். கத்தியால் சீவிய தடம் லென்ஸில் தெரிந்தது. மெருகு முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் மெல்லிய ஆரஞ்சு நிறக் கோடு. மண்ணில் இருக்கும் இரும்பு சூளையின் சூட்டில் காற்றோடு சேர்ந்து இப்படிச் சிவக்கும். இரண்டு மூன்று இடத்தில் சூளை மணல் துகள்கள் ஒட்டி உருகிப் போயிருந்தன. விரல் நுனியால் தடவினால் வளையத்தின் உச்சி மட்டும் சோப்புக்கட்டிபோல வழுவழுத்தது, பக்கவாட்டு சொரசொரத்தது. பல காலம் வைத்து எடுத்து, இழுத்து, தேய்ந்த பாத்திரம் அப்படித்தான் இருக்கும்: எது மேசையில் உரசுமோ அது மட்டும் தேயும்.

போலிகளில் இந்தத் தேய்மானத்தைச் செயற்கையாக உண்டாக்குவார்கள். உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் ஓடும். நிஜமான கீறல்கள் தாறுமாறாக, சில ஆழமாக, சில மேலோட்டமாக, தட்டின் நடுவில் கத்தியும் கரண்டியும் பட்ட இடத்தில் அடர்ந்திருக்கும். ஆரஞ்சுக் கோட்டையும் சாயம் பூசிக் காட்டுவதுண்டு. ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் வந்தாலோ, வளையம் முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

சீனத்தா ஜப்பானா என்ற குழப்பத்துக்கும் அடியில்தான் விடை. ஜப்பானின் அரிதா பகுதியில் செய்த அகலத் தட்டுகளுக்குச் சூளையில் நடு தொய்ந்துவிடாமலிருக்கச் சின்னஞ்சிறு கூம்புகளை அடியில் முட்டுக் கொடுத்தார்கள். சுட்டபின் அவற்றைத் தட்டிவிட்டால் மூன்று முதல் ஐந்து சிறு புள்ளித் தழும்புகள் மிஞ்சும். சீனத் தட்டுகளில் பொதுவாக இவை இருப்பதில்லை. சீன பாணியிலேயே வரைந்த பழைய ஜப்பானியத் தட்டை இந்தத் தழும்பை வைத்து நொடியில் பிரிக்கலாம்.

லென்ஸில் நிறமும் கோடும்

முதல் கேள்வி: கையால் வரைந்ததா, அச்சா? கையால் இழுத்த தூரிகைக் கோடு தொடங்கும் இடத்தில் தடித்து, முடியும் இடத்தில் மெலியும். நீலம் சில இடத்தில் தேங்கிக் கருத்திருக்கும். லென்ஸில் நிறம் முழுக்க ஒழுங்கான சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது ஒட்டுப் படம், பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் எடுத்து ஒட்டிய அச்சு வேறு. அது 1750களிலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. அதில் மெல்லிய செதுக்குக் கோடுகள் தெரியும். விளிம்பு வேலைப்பாட்டை ஒரு சுற்று முழுக்கக் கண்ணால் தொடர்ந்து போனால் தாளின் இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதைக் குறை என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது யாரோ அவசரமாக ஒட்டிய கையைக் காட்டும் இடம். பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும்.

இரண்டாவது: நிறம் மெருகுக்கு அடியிலா, மேலேயா? கண்ணை மூடி விரலால் தடவுங்கள். கோபால்ட் நீலம் பெரும்பாலும் மெருகுக்கு அடியில் இருக்கும், விரலுக்குத் தட்டுப்படாது. எனாமல் நிறங்கள், அதாவது மெருகின் மேல் பூசிச் சுட்ட வண்ணங்கள், மேலே புடைத்து நிற்கும், சாய்த்துப் பார்த்தால் தேய்ந்த இடம் மங்கலாகத் தெரியும்.

மூன்றாவதுதான் பெரியப்பாவின் கிண்ணத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது. அடியில் இருந்த ஆறு எழுத்து 'தா மிங் செங்ஹுவா நியான் ஜி'. மாபெரும் மிங் வம்சத்தில் செங்ஹுவா ஆண்டுகளில் செய்தது என்று பொருள். செங்ஹுவா ஆட்சி 1465 முதல் 1487 வரை. ஆனால் அந்த ரோஜா நிறம், வெள்ளை கலந்து குழைத்த அந்தத் தடித்த இளஞ்சிவப்பு, தங்கத்திலிருந்து எடுத்த சாயம். சீனப் பீங்கானில் அது புழக்கத்துக்கு வந்ததே 1720 வாக்கில்தான். எழுத்துக்கும் பூவுக்கும் இடையில் இருநூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. எழுத்தை நம்புவதா, பூவை நம்புவதா என்றால், பூவைத்தான் நம்ப வேண்டும்.

பொன் பூச்சையும் விடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் தேனில் குழைத்துப் பூசிய பொன் தடிப்பாக, மென்மையான ஒளியோடு இருக்கும். கண்ணாடிபோலப் பளபளக்கும் திரவப் பொன் 1827ல் மைசனில் உருவானது. பித்தளைப் பாத்திரம் மாதிரி மின்னும் விளிம்போடு 1760ஆம் வருடத்துக் கோப்பை என்று யாராவது சொன்னால் நிறுத்தி யோசியுங்கள்.

இப்போது முத்திரை

சீன முத்திரையில் எழுத்துகளை மேலிருந்து கீழாக, வலப்பக்க வரிசையிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். முன்னோர் காலத்து அரசர் பெயரை எழுதுவது அங்கே மோசடியாக மட்டும் இருந்ததில்லை. பழைய கைவினைக்குச் செய்த மரியாதையாகவும் இருந்தது. 1677ல் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னின் அதிகாரி, ஆளும் பேரரசரின் பெயரைப் பாத்திரத்தில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். பாத்திரம் உடைந்தால் பெயர் குப்பையில் மிதிபடுமே என்பதுதான் கவலை. அதனால் காங்ஷி பேரரசர் காலத்து (1662–1722) நல்ல சரக்குகள் பலவற்றில் மிங் அரசர் பெயரோ, ஓர் இலையோ, உள்ளே ஒன்றும் எழுதாத இரட்டை நீல வட்டமோதான் இருக்கும். ஆக, முத்திரை பொய் என்பதால் பாத்திரமும் பொய் என்று ஆகிவிடாது. முத்திரை இல்லாததாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஐரோப்பிய முத்திரைகளில் அதிகம் காப்பியடிக்கப்பட்டது மைசனின் குறுக்கு வாள்கள். 1720களில் தொடங்கியது; மெருகுக்கு அடியில், நீலத்தில், கையால் வரைந்தது. வாள்களின் குறுக்கே கீறல் வெட்டு இருந்தால் அது தற்செயலான சேதமில்லை, இரண்டாம் தரம் என்றோ வண்ணமிடாமல் விற்றது என்றோ தொழிற்சாலையே போட்ட அடையாளம். விலை அதற்கேற்பக் குறையும்.

தேனீக்கூடு முத்திரை என்று பலர் சொல்வது உண்மையில் வியன்னாத் தொழிற்சாலையின் கேடயம், தலைகீழாகப் பார்ப்பதால் கூடுபோலத் தெரிகிறது. அந்தத் தொழிற்சாலை 1864ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு பலர் அந்தச் சின்னத்தைப் போட்டார்கள். அச்சடித்த அழகிகளின் முகத்தோடு வருகிற தட்டுகள் பெரும்பாலும் அந்த ரகம். லிமோஜ் என்று எழுதியிருந்தால் அது ஒரு கம்பெனி இல்லை, ஓர் ஊர். அங்கே பல தொழிற்சாலைகள் இருந்தன. பச்சை முத்திரை பாத்திரம் செய்தவருடையதாகவும், மேலே சிவப்பில் இருப்பது வண்ணமிட்டவருடையதாகவும் இருக்கும் துண்டுகள் உண்டு; இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலத்தைக் குறுக்கிக் காட்டுவது நாட்டின் பெயர். 1890ல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டப்படி 1891 முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். ஆகவே இங்கிலாந்து, சைனா என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'நிப்பான்' (ஜப்பான் நாட்டின் சொந்தப் பெயர்) என்றிருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தியது, ஏனென்றால் அதன் பிறகு 'ஜப்பான்' என்றே எழுத அமெரிக்காவில் சொன்னார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தி, 1952க்குள். மேற்கு ஜெர்மனி என்றால் 1949 முதல் 1990 வரை. ஆனால் நாட்டின் பெயர் இல்லை என்பதால் மட்டும் 1891க்கு முந்தியது என்று முடிவு கட்டாதீர்கள்; அமெரிக்காவுக்குப் போகாத சரக்கும் உண்டு, காகிதச் சீட்டு ஒட்டியதும் உண்டு. பிரிட்டிஷ் சரக்கில் சாய்சதுரக் கட்டத்துக்குள் எழுத்துகள் இருந்தால் அது வடிவத்தைப் பதிவு செய்த குறி, 1842 முதல் 1883 வரை. அது வடிவம் பதிவான நாளைத்தான் சொல்லும், பாத்திரம் செய்த நாளை இல்லை.

மறைந்திருக்கும் உடைசல்

பாத்திரத்தை உள்ளங்கையில் தளர்வாக வைத்து விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல பீங்கான் மணிபோல நீளமாக ஒலிக்கும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. டார்ச்சை உள்ளே வைத்து மெல்லச் சுற்றினால் மயிரிழை விரிசல் கருங்கோடாகத் தெரியும். புற ஊதா ஒளியில் பிசினும் பெயின்ட்டும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறாக ஒளிரும். ஆனால் புதிய ஒட்டுகள் சில அந்த ஒளியிலும் தப்பிவிடும். அதனால் கன்னத்தையோ உதட்டையோ விளிம்பில் வைத்துப் பாருங்கள்: பீங்கான் சில்லென்றிருக்கும், பெயின்ட் பூசிய இடம் சில்லிடாது. பெயின்ட்டைக் கரைக்கும் அசிட்டோன் திரவம் வைத்துத் துடைத்துப் பார்ப்பது நிபுணர் வேலை. பாத்திரம் உங்களுடையது இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

பின்பக்கம் தையல் போட்டதுபோல உலோகக் கொக்கிகள் இருந்தால் பிடுங்கி எறியாதீர்கள். நல்ல பசை வராத காலத்தில் துளையிட்டு அப்படித்தான் இணைத்தார்கள். அந்தக் கொக்கிகளுக்காகவே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

மதிப்பு என்றால் எந்த மதிப்பு?

"இது எவ்வளவு பெறும்?" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு, நாளைக்கே அதேபோல ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு, அதுதான் அதிகம். ஏலத்தில் கிடைப்பது அதைவிடக் குறைவு, அதிலும் ஏல நிறுவனத்தின் கமிஷன் போகும். வியாபாரி நேரில் கொடுப்பது இன்னும் குறைவு, அவரும் விற்று லாபம் பார்க்க வேண்டுமே. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை ஒருபோதும் மதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். அதே வடிவம், அதே அளவு, அதே நிலைமை. குறைந்தது ஐந்தாறு விற்பனை கிடைத்தால் ஒரு நியாயமான எல்லை பிடிபடும்.

விலையை ஏற்றுவதில் முதலிடம் அரிதாகக் கிடைப்பதற்கு, வயதுக்கு இல்லை. நிறைய ஏற்றுமதியான 18ஆம் நூற்றாண்டுத் தட்டைவிட, கொஞ்சமே செய்த 20ஆம் நூற்றாண்டுத் துண்டு அதிகம் பெறலாம். ஜோடியாக இருந்தால் ஒன்றின் விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போகும், மூல மூடி இருந்தாலும் விலை ஏறும். ஒரு மயிரிழை விரிசல் சாதாரணக் கோப்பையின் விலையை அரைவாசிக்கும் கீழே தள்ளிவிடும். மிக அரிய துண்டில் அதே விரிசலை வாங்குபவர் பொறுத்துக்கொள்வார். பன்னிரண்டு பேருக்கான முழு விருந்து செட்டுகளுக்கு இப்போது ஆளில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் இதுதான் நிலைமை, விற்க வருபவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே மனம் கஷ்டப்படும்.

அதே சமயம் கண் இருந்தால் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் ஒருவர் 35 டாலருக்கு வாங்கிய தாமரை மொட்டு வடிவச் சிறு கிண்ணம், 15ஆம் நூற்றாண்டு மிங் அரசவைச் சரக்கு என்று தெரிந்து 2021ல் நியூயார்க் ஏலத்தில் 7,21,800 டாலருக்குப் போனது. அதை நிபுணர்கள் கண்டுகொண்டது வடிவத்தையும், நீலத்தின் சாயலையும், கையில் பட்டால் பட்டுப்போல வழுக்கும் மெருகையும் வைத்துத்தான்.

யாரிடம் காட்டுவது

படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், உள்ளே, முழு அடிப்பாகம், அடிவளையத்தின் நெருக்கப் படம், முத்திரை, ஒவ்வொரு சேதமும் தனித்தனியாக. உயரம், விட்டம் இரண்டையும் எழுதுங்கள். எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது, பழைய ரசீதோ கடிதமோ இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பல படத்தைப் பார்த்து முதல் கருத்தை இலவசமாகவே சொல்கின்றன. குறைந்தது இரண்டு இடத்தில் கேளுங்கள். மதிப்புச் சொல்பவரே "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றால் அன்றைக்கு விற்காதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை எல்லை தாண்டி அனுப்பப் பல நாடுகளில் அனுமதி தேவை, அதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய எனாமலிலும் மெருகிலும் ஈயம் இருக்கலாம். பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட வேண்டாம். அடுக்கி வைத்தால் தட்டுக்குத் தட்டு நடுவில் ஒரு மெல்லிய துணி. கோப்பைக்குள் கோப்பை வேண்டாம். சுவரில் மாட்ட இறுக்கமான கம்பிக் கொக்கி வேண்டாம், அது விளிம்பில் சில்லு பெயர்க்கும். பூந்தொட்டித் தட்டு இப்போது ஒரு மரத் தாங்கியில், வெயில் படாத அலமாரியில், பெரியப்பாவின் ரோஜாக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.